மூளை பெரியவளுக்கு, மனசு சின்னவளுக்கு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஐஸ் எடுக்கப் போனால் ஃப்ரீசருக்குள் ஒரு ஷூ. சின்னவளுடையது. பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பையில் சுற்றி, சமர்த்தாகப் படுத்திருந்தது.

"என்னடி இது?"

"சூயிங்கம் ஒட்டிக்கிச்சும்மா."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

இவளிடம் இதற்கு மேல் கேட்டுப் பயனில்லை. ஒன்பது வயதாகிறது, இன்னும் எதையும் முழுசாகச் சொல்ல வராது.

அலுவலகத்தில் சொன்னேன். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் காலை முழுக்கத் "தண்ணி வரல, தண்ணி வரல" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறவர்களுக்கு ஒரு சிரிப்பு வேண்டாமா? எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து சீட்டு அக்கா மட்டும், "சூயிங்கம் வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சுக்கா. கல்லு மாதிரி இறுகியிருந்துச்சு. ஒரு தட்டு தட்டினா பொலபொலன்னு விழுந்திருச்சு."

"அப்ப எதுக்குச் சிரிக்கிறோம்?"

அதற்குள் அவளுடைய ஃபோன் அடித்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். இதையே பெரியவள் செய்திருந்தால்? அதே நாற்காலியில் உட்கார்ந்து, "என் பொண்ணு என்ன கண்டுபிடிச்சிருக்கா தெரியுமா?" என்றுதான் ஆரம்பித்திருப்பேன். ஷூ என்னவோ அதே ஷூதான்.

மார்ச் 9, ஞாயிறு

கொழுந்தனாரும் அவர் மனைவியும் ஒன்றரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தக் குழந்தை மேதையாம். ஆதாரங்கள் உண்டு. செல்ஃபோனைத் தலைகீழாகக் கொடுத்தால் திருப்பிக்கொள்கிறது. விளம்பரம் வந்தால் அழுகிறது. டாக்டரை மட்டும் குறிபார்த்து உதைக்கிறது.

"அண்ணி, இப்ப அவ முகத்தைப் பாருங்க. எவ்வளவு ஆழமா யோசிக்கிறா!"

பார்த்தோம். குழந்தை சோஃபாவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, ஒரே இடத்தை வெறித்து, முகம் சிவக்கச் சிவக்க யோசித்தது. வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் என்ன யோசனை என்பது வாசனையில் தெரிந்துவிட்டது.

நான் சிரிக்கக் கூடாது. எங்கள் வீட்டுப் பட்டமும் இப்படித்தான் வந்தது. பெரியவளுக்கு இரண்டு வயது இருக்கும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து, "அநேகமா மழை வரும்" என்றாள். மழை என்று சொன்னதற்கில்லை, அந்த 'அநேகமா'வுக்கு நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று மழை வரவில்லை. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அன்றிலிருந்து அவள் புரொபசர். இப்போது பதின்மூன்று வயது, வீட்டில் யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

சின்னவள் மூன்று வயது வரை வாயே திறக்கவில்லை. அவளுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டுமே! 'மனசு' கொடுத்தோம். "பெரியவளுக்கு மூளை, சின்னவளுக்கு மனசு." வருகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லி வைத்திருக்கிறோம், ஏதோ ஆஸ்பத்திரியில் ஆளுக்கு ஒன்றுதான் தருவார்கள் என்பது போல.

கொழுந்தனார் கிளம்புவதற்கு முன்னால் புரொபசருக்கு ஒரு கணக்குப் புதிர் போட்டார். "பாத்ரூம் போயிட்டு வரேன் சித்தப்பா" என்று போனவள் அவர்கள் லிஃப்டில் இறங்குகிற வரை வெளியே வரவில்லை. "அவளுக்கு இதெல்லாம் ரொம்பச் சுலபம், போரடிச்சிருக்கும்" என்று சமாளித்தேன். நானே அதை நம்பவும் செய்தேன்.

மார்ச் 13, வியாழன்

மறுபடி துண்டு நனைந்து கிடக்கிறது. இந்த மாதம் எத்தனையாவது தடவையோ. "நான்தாம்மா தண்ணி கொட்டிட்டேன், துடைச்சேன்" என்றாள் சின்னவள். கவனமே கிடையாது உனக்கு என்று கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

புரொபசரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கூடாதா? சிறப்புக் கணக்கு வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு வருகிறவள், பையை வைத்ததும் நேராகக் குளியலறைக்குத்தான் போகிறாள். யாரும் சொல்லாமலே தலைக்குக் குளித்துவிட்டு வருகிறாள். புத்தியுள்ள பிள்ளைகளுக்குச் சுத்தமும் தானாக வரும் போல.

மார்ச் 17, திங்கள்

புரொபசருக்கு வயிற்று வலி. பள்ளிக்கூடம் இருக்கிற நாளில், அதுவும் காலையில் மட்டும் வலிக்கிற வயிறு. நிறைய யோசிக்கிற பிள்ளைகளுக்கு வயிறு மென்மையாக இருக்கும் என்று நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து இவரிடம் சொன்னேன். "எனக்கும் சின்ன வயசுல வலிக்கும்" என்றார். இவருக்கு எதற்கு வலித்தது என்று தெரியவில்லை.

மார்ச் 20, வியாழன்

இதை ஒழுங்காக எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

மதியம் ஃபோன். வழக்கம்போல, "குடிநீர் வாரியம், புகார்ப் பிரிவு. எந்தப் பகுதி?" என்றேன்.

"நான் உங்க பெரிய பொண்ணோட கணக்கு டீச்சர். அவளுக்கு வயிறு இப்ப எப்படி இருக்கு?"

"காலைல கொஞ்சம் வலிச்சுது. இப்ப பரவாயில்ல டீச்சர்."

"ஆபரேஷன் ஏதும் வேண்டாம்னு சொல்லிட்டாங்களா?"

ஆபரேஷனா?

சிறப்பு வகுப்புக்குப் போன மாதத்திலிருந்தே அவள் போகவில்லையாம். சாயங்காலம் வகுப்பு நேரத்தில் டாக்டரிடம் போக வேண்டியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறாளாம். இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை பொய்யா சொல்லப்போகிறது என்று டீச்சரும் நம்பிவிட்டார். நானும்தான் நம்பினேன். ஆளுக்கு ஒரு பக்கம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பிறகு வந்த அழைப்புகளில் யாரோ ஒருவர் குழாயில் காற்றுதான் வருகிறது என்றார். "எத்தனை நாளா ஏமாத்துது?" என்று கேட்டேன். அக்கா திரும்பிப் பார்த்தாள்.

ஆறு மணி வரைக்கும் எங்கடி போறே? யாரோட? வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளிக்கிறியே — எதைக் கழுவுறே?

ராத்திரி அவள் என் எதிரிலேயே உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இன்னொரு பொய் வரும். அதைத் தாங்க முடியாது. இவரிடமும் சொல்லவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கப் போகிறேன்.

மார்ச் 21, வெள்ளி

அரை நாள் லீவு. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஸ்டேஷனரிக் கடையில், வாங்காத பேனாக்களை எழுதிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மணி அடித்தது. சின்னவள் ஸ்கூல் வேனில் ஏறினாள். அவளிடம் ஒரு துணிப்பையை வாங்கிக்கொண்டு புரொபசர் தெருக்கோடியில் திரும்பினாள். பின்னாலேயே போனேன்.

போனவள் நுழைந்தது எங்கள் வாரியத்து நீச்சல் குளத்தில்.

ஊழியர்களின் பிள்ளைகளுக்கு இலவசம் என்று எங்கள் ஆபீஸ் வாசலிலேயே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

குளோரின் வாடை. ஈரத் தரை. ஆழமில்லாத பக்கத்தில் ஆறு ஏழு வயதுக் குழந்தைகள் தவளைக் குஞ்சுகள் மாதிரி கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில், எல்லோரையும் விட உயரமாக, நீலத் தொப்பி போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் சுவரைப் பிடித்தபடி என் மகள்.

விசில் மாட்டிய கோச் என்னிடம் வந்தார். "யாரைப் பார்க்கணும்?"

"அந்தப் பொண்ணோட அம்மா."

"நல்லதாப் போச்சு. உங்களையே பார்க்கணும்னு இருந்தேன். தப்பா நினைக்காதீங்க, உங்க பொண்ணுக்குக் கொஞ்சம் மெதுவாத்தான் ஏறும்."

"யாருக்கு?"

"அந்த நீலத் தொப்பிக்கு. மத்த குழந்தைங்க எல்லாம் மிதந்துட்டாங்க, இது இன்னும் சுவரையே விடல. ஆனா ஒண்ணு, ரொம்ப நல்ல பொண்ணு. தங்கமான மனசு."

மனசாம்!

'ஐயா, அது எங்க வீட்டுல சின்னவளுக்குக் குடுத்தது. இவ புரொபசர்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். பல வருஷமாக நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த ஆறுதல் வாக்கியத்தை முதல் தடவையாக எனக்கு யாரோ சொல்கிறார்கள். கேட்பதற்கு இப்படியா இருக்கும்?

பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். முன்பல் விழுந்த ஒரு குட்டிப் பெண் இவளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். "அப்படி இல்லக்கா, வயித்தைத் தூக்கணும்." இவள் கவனமாகக் கேட்டாள். சுவரை விட்டாள். நேராக அடியில் போனாள். மேலே வந்து இருமினாள், மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ஒழுக ஒழுகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

அப்புறம் என்னைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு அப்படியே நின்றது. மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

துண்டைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நடுங்கினாள். நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆபரேஷன்னு சொல்லியிருக்கே. ஏண்டி, அந்த அளவுக்கு என்னடி நடந்துச்சு?"

"நான் ஆபரேஷன்னு சொல்லலம்மா. அவங்களே கேட்டாங்க. நான் இல்லைன்னு சொல்லல."

"ஏன் வகுப்புக்குப் போகல?"

துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பிறகு காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "முதல் வாரத்துல ஒண்ணு புரியலம்மா. கேட்கலாம்னு கையைத் தூக்கினேன். டீச்சர் என்னைப் பார்த்து, 'இவ பதில் சொல்லுவா பாருங்க'ன்னுட்டாங்க. எல்லாரும் திரும்பிட்டாங்க. கையை இறக்கிட்டேன். அடுத்த வாரம் அதுக்கு மேல நடத்தினாங்க. அதுவும் புரியல. அப்புறம் எதுவுமே புரியல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீங்க, 'உனக்கா புரியல? நல்லா யோசி'ம்பீங்க."

ஆமாம். அதைத்தான் சொல்லியிருப்பேன். அதே வார்த்தைகளில்.

"இங்க மட்டும் எப்படி? சின்னக் குழந்தைங்க கூட, எதுவும் வராம…"

"இங்க நான் யாருன்னு யாருக்கும் தெரியாதும்மா."

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஈரத் தலை. திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் அப்படியே உள்ளே கிடக்கிறது. போட இடமில்லை.

மார்ச் 22, சனி

காலையில் இவரிடம் சொன்னேன். லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சனிக்கிழமையும் வேலைதான். ஒரு கையில் பெட்டியோடு வாசலில் நின்றபடியே முழுக்கக் கேட்டார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"துணிப்பையைச் சின்னவதானே குடுத்தா?"

எனக்கு அது தோன்றவேயில்லை. நான் பார்த்தேன், பார்த்தும் மண்டையில் ஏறவில்லை. சின்னவளைக் கூப்பிட்டோம்.

எல்லாமே அவள்தான். ஆபீஸ் வாசலில் நோட்டீஸைப் படித்தவள் அவள். என் அடையாள அட்டையின் நகலை எடுத்துக் கொடுத்தவள் அவள். அக்கா ஈரத் தலையோடு வருவாள், அதனால் வந்ததும் குளிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தவள் அவள். நீச்சல் உடையைத் தன் மழைக்கோட்டுக்கு உள்ளே மாட்டிக் காயவைத்தவளும் அவள்தான்.

"அப்ப துண்டு?"

"அது அக்கா துண்டு. நான் தண்ணி கொட்டினேன்னு சொன்னேன்."

"ஏன் உன்மேல போட்டுக்கிட்டே? நான் எவ்வளவு திட்டினேன்!"

என்னைப் பார்த்தாள். இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி. "அக்கா கொட்டினான்னு சொன்னா, எப்படிக் கொட்டுச்சு, எதுக்குக் கொட்டினேன்னு நூறு கேள்வி கேப்பீங்க. நான் கொட்டினேன்னு சொன்னா யாரும் எதுவும் கேக்க மாட்டீங்க."

இவர் வாயைப் பொத்திக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். சிரிக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

ஆனால் சின்னவளுக்கு என்ன மூளை! ஒரு மாதமாக ஒரு ஓட்டை இல்லாமல் நடத்தியிருக்கிறாள். மூன்று வயது வரை பேசாமல் இருந்தாளே, அப்போதே எங்களை எடைபோட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்! இத்தனை வருஷமாக ஆளை மாற்றிப் பட்டம் கொடுத்திருக்கிறோம்.

இவர் அதற்குள், "எங்க குடும்பத்து மூளை அப்படித்தான், வெளிய தெரியாது" என்கிறார். பெரியவளிடம் புரொபசர் பட்டம் இருந்தவரை அது என் குடும்பத்து மூளை. அது இப்போது எங்கே போயிற்றோ.

அலுவலகத்தில் சொன்னேன். பொய் சொன்ன கதையை விட்டுவிட்டு, மூளைக் கதையை மட்டும். யாரும் சிரிக்கவில்லை, "அடேயப்பா" என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது.

ஏப்ரல் 2, புதன்

சின்னவளுக்குச் சதுரங்கப் பலகை வாங்கினேன். புதிர்ப் புத்தகமும். சனிக்கிழமை நூலகத்தில் சிறுவர் புதிர்ப் போட்டி இருக்கிறது, பெயர் கொடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்தவர்களிடம் இவர், "இவளைச் சாதாரணமா நினைக்காதீங்க" என்று ஆரம்பித்தார். சின்னவள் மேஜைக்கு அடியில் போய், விழாத பென்சிலைத் தேட ஆரம்பித்தாள்.

புரொபசரைக் கொஞ்ச நாளைக்குத் தொந்தரவு பண்ணாமல் விட்டிருக்கிறோம். அதற்கு அவள் எங்களுக்கு நன்றி சொல்லாததுதான் குறை. உடம்பு தேறியிருக்கிறது, இரண்டு தடவை சாதம் போட்டுக்கொள்கிறாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

சின்னவள் இன்று ஷூவை வலது இடது மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். சாயங்காலம் உப்பு டப்பாவில் சர்க்கரையைக் கொட்டினாள். ஏன் என்று நான் கேட்டேன். முன்பெல்லாம் கேட்க மாட்டேன்.

ஏப்ரல் 5, சனி

காலை எட்டு மணி. போட்டிக்குக் கிளம்ப வேண்டும். சின்னவள் சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டு படுத்திருந்தாள்.

"அம்மா, வயிறு வலிக்குது."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அதையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

இவர் குரலை உயர்த்தினார். "நடிக்காதே. எழுந்திரு. நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தே?"

கதவருகில் புரொபசர். பல் தேய்த்த பிரஷ் இன்னும் கையில்.

"அப்பா, அது பொய் இல்ல. எனக்கு அந்த வலி தெரியும். நிஜமாவே வலிக்கும்."

நான் கட்டிலில் உட்கார்ந்து சின்னவளின் முதுகைத் தடவிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு இது வேணாம்மா. அக்காகிட்டயே இருக்கட்டும்."

"எனக்கும் வேணாம்" என்றாள் புரொபசர் உடனே. "நான் குடுத்தாச்சு."

"நீ பெரியவதானே, நீ வெச்சுக்கோ."

"ரெண்டு வயசுல இருந்து வெச்சிருக்கேன். போதும்."

நிஜமாகவே சண்டை. பழைய ஸ்வெட்டரை ஒருத்தி மேல் ஒருத்தி தள்ளுவது போல. உலகத்தில் எத்தனையோ வீடுகளில் புத்திசாலிப் பட்டத்துக்குப் பெற்றோர் ஏங்குகிறார்கள். என் வீட்டில் அதை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை. சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தால் அது வேறு எதிலோ போய் முடிந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் பயந்துபோய்ச் சண்டையை நிறுத்திவிட்டார்கள்.

நூலகத்துக்கு ஃபோன் பண்ணி வரவில்லை என்று சொன்னேன். பத்து மணிக்குச் சின்னவள் பசிக்கிறது என்றாள். இரண்டு முட்டை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இவர் பால்கனியில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டே பேசினார். சாதாரணமாக இவ்வளவு பேசுகிற மனிதர் இல்லை.

"எங்க வீட்டுலயும் பிரிச்சாங்க. தம்பிக்குத் தலை, எனக்குக் கை. 'இவனுக்குக் கை இருக்கு, பொழைச்சுக்குவான்'னு அப்பா சொல்லுவாரு. இன்னிக்கு வரைக்கும் டாக்டர் எழுதின மருந்தைப் பத்தித் தம்பிகிட்டதான் கேப்பாரு. ஃபேன் ஓடலைன்னா எனக்கு ஃபோன் வரும்."

"வருத்தமா?"

"சேச்சே. ஃபேன் ஓடணுமில்ல." ஊசியை இழுத்தார். "ஒரே ஒரு தடவை மருந்தைப் பத்தியும் கேட்டிருக்கலாம்."

எங்கள் வீட்டில் அண்ணன் மூளை, நான் பொறுப்பு. அதனால்தான் வாழ்க்கை முழுக்க அடுத்தவர்கள் புகாரை வாங்கிக்கொண்டிருக்கிறேனா? தெரியவில்லை. கணக்கில் எனக்கு ஆசை இருந்ததா என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது கேட்டால் பதில் எங்கே இருக்கப் போகிறது?

அண்ணனுக்கு வயிறு வலித்திருக்குமோ?

ஏப்ரல் 9, புதன்

கணக்கு டீச்சரைப் பார்க்கப் போனோம், நானும் பெரியவளும். (இனி புரொபசர் என்று எழுதப் போவதில்லை. வாய் தவறும், கையாவது தவறாமல் இருக்கட்டும்.) டாக்டர் கதைக்கு அவளே மன்னிப்புக் கேட்டாள். காது சிவந்துவிட்டது. டீச்சர் முதலில் கோபப்பட்டார், நியாயம்தான். பிறகு, "சரி, எந்த இடம் புரியல? காட்டு" என்றார்.

காட்டினாள்.

டீச்சர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவா? போன வாரம் பரீட்சை வெச்சேன். பாதி வகுப்பு இதே இடத்துலதான் சறுக்கியிருக்கு. ஒருத்தர் கூட வாய் திறந்து கேக்கலியே!"

எப்படிக் கேட்பார்கள்? அந்த வகுப்பில் இருக்கிற அத்தனை பேரும் அவரவர் வீட்டுப் புரொபசர்கள். யார் முதலில் கையைத் தூக்குவது?

இதை நான் சொன்னதும் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனக்கும் ஒரு மகன் இருக்கிறான், வீட்டில் பெயர் 'கம்ப்யூட்டர்' என்றார். பிறகு சிரிப்பு நின்றது. மேஜையில் இருந்த சாக்பீஸைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

சிறப்பு வகுப்பு இப்போதைக்கு வேண்டாம் என்றாள் பெரியவள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். எனக்கு வலித்தது, பொய் எதற்கு? இந்த வகுப்பில் இடம் கிடைத்த அன்று ஆபீஸ் முழுக்கச் சாக்லேட் கொடுத்தவள் நான். சரி என்றேன். சரி என்பதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை அவள் கவனித்திருப்பாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

சதுரங்கப் பலகையில் இவரும் சின்னவளும். அவள் தோற்றுக்கொண்டே இருக்கிறாள். ஒரு காயை நகர்த்திவிட்டு, "இது தப்பு" என்று அவளே சொல்கிறாள். அப்புறம் அதே தப்பை மறுபடி செய்து என்ன ஆகிறது என்று பார்க்கிறாள். புத்திசாலியா இல்லையா என்று மனசு தானாகத் தராசைத் தூக்குகிறது. கையில் ஒரு வேலையைக் கொடுத்துத் திசை திருப்ப வேண்டியிருக்கிறது. இரண்டு கூடைத் துணி மடித்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

பெரியவள் கணக்குப் பரீட்சைத் தாளை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். ஐம்பத்தெட்டு. நூற்றுக்கு.

இந்த வீட்டுக்குள் இதற்கு முன்னால் அப்படி ஒரு எண் வந்ததில்லை. மின்சார பில்லில் கூட. என் முகம் என்ன செய்ததோ, சின்னவள் பக்கத்தில் வந்து என் சட்டையை இழுத்து மெதுவாக, "அம்மா… முகம்" என்றாள்.

முகத்தைச் சரிசெய்துகொண்டேன். "எது கஷ்டமா இருந்துச்சு?"

கேட்டதுதான் தாமதம், தாளை விரித்துவைத்து அரை மணி நேரம் பேசினாள். இது புரியாமல் விட்டது, இது அவசரத்தில் போனது, இது புரிந்துவிட்டது ஆனால் பரீட்சை முடிந்த பிறகு பஸ்ஸில். எனக்குப் பாதி விளங்கவில்லை. நூறு வாங்கிய நாட்களில் ஒரு தாளைக்கூட அவள் இப்படி விரித்துக் காட்டியதில்லை. கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போவாள்.

காலையில் வயிறு வலிக்கவில்லை. நேற்றும் வலிக்கவில்லை.

மே 2, வெள்ளி

ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் கேட்டாள்: "உங்களுக்கு ரெண்டு பொண்ணுங்களாமே. எப்படி?"

வழக்கமான வாக்கியம் வாசல் வரை வந்து நின்றது. உள்ளே தள்ளினேன். அதற்குப் பதிலாகச் சொல்ல வேறு ஒன்றும் தயாராக இல்லை. "பெரியவ… இப்ப நிறைய சாப்பிடுறா. சின்னவ ஒரு பூனைகிட்ட ஒரு வாரமாப் பேசிக்கிட்டு இருக்கா, அது இன்னும் ஒத்துக்கல" என்றேன்.

அவள் மரியாதைக்குச் சிரித்துவிட்டு நகர்ந்தாள். பாவம், ரெண்டும் தேறாது என்று நினைத்திருப்பாள்.

மே 11, ஞாயிறு

குளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்ப நேரம். இவர் ஆழமான பக்கத்துக்குப் போய்விட்டார். எனக்குத் தண்ணீர் வாரியத்தில் பல வருஷ வேலை, தண்ணீருக்குள் இறங்கியது இதுதான் முதல் தடவை. இடுப்பளவுதான். ஆனாலும் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெரியவள் இப்போது மிதக்கிறாள். நீந்துகிறாள் என்று சொல்ல முடியாது. கோணலாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி தூரத்தில் நின்று மூச்சு வாங்கி, மறுபடி கிளம்பி எப்படியோ வந்து சேர்கிறாள். சின்னவள் படிக்கட்டில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தாள். இறங்க மாட்டாளாம். சரி.

கோச் என்னைப் பார்த்து விசில் ஊதினார். "சுவரை விடுங்க! எத்தனை தடவை சொல்றது? முகத்தைத் தண்ணிக்குள்ள வைங்க, காலை நீட்டுங்க!"

விட்டேன். மூழ்கினேன். வாயெல்லாம் குளோரின். பெரியவள் வந்து என் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"கத்தாதீங்க சார். அம்மாவுக்கு ஒரு தடவை சொன்னா ஏறாது. பொறுமையாச் சொன்னா புரிஞ்சுப்பாங்க."

படிக்கட்டிலிருந்து சின்னவள், "சில சமயம்" என்றாள்.

நான் மறுத்துப் பேசவில்லை. வாயைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும். காலை நீட்டினேன்.